ஸ்டெப்னி: படகுத்துறையில் பிறந்த சக்கரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி வட்டாரத்துச் சாலைகளில் ஒரு கார் ஒருபக்கம் சாய்ந்து நின்றால் காரணம் விசாரிக்க வேண்டியதில்லை. கரிமூட்டத்துக்கு விறகேற்றிப் போகும் டிராக்டரிலிருந்து உதிர்ந்த சீமைக்கருவேல முள் தார்ச்சாலையில் கிடந்து, வெயிலில் காய்ந்து, ஆணியாக இறுகியிருக்கும். அந்த வழியாக வருகிறவர் வண்டியை நிறுத்திக் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்டெப்னி இருக்கா?” என்பதுதான். கேட்பவர் லாரி டிரைவராக இருக்கலாம், ஆடு பத்திக்கொண்டு போகிற பெரியவராகவும் இருக்கலாம். மாற்றுச் சக்கரம், உதிரிச் சக்கரம் என்று எழுத்தில் நல்ல தமிழ்ப்பெயர்கள் உண்டு. ஆனால் பஞ்சரான டயரின் பக்கத்தில் நின்றுகொண்டு அவற்றைச் சொன்னவர் எவரும் இல்லை.

முள்ளும் சீமையிலிருந்து வந்தது, முள்ளுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளும் சக்கரத்தின் பெயரும் சீமையிலிருந்து வந்தது. முள்மரத்துக்கு ‘சீமை’ என்று அடைமொழி கொடுத்து, வெளியூர்ச் சரக்கு என்று தனியே காட்டிவிட்டோம். ஸ்டெப்னிக்கு அப்படி எந்த அடையாளமும் வைக்கவில்லை. போல்ட், நட்டு, டயர், டியூப் என்ற வரிசையில் அதுவும் ஒரு பாகத்தின் பெயர் என்றே நினைத்துக்கொண்டோம். உண்மையில் அது எந்தப் பாகத்தின் பெயரும் அல்ல. ‘ஸ்டெப்’ என்கிற படிக்கும் அதற்கும் உறவில்லை. இங்கிலாந்துக்காரரிடம் போய் ‘ஸ்டெப்னி எங்கே’ என்று கேட்டால் கிழக்கு லண்டனுக்கு வழி சொல்வார்.

கார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்ற ஏற்பாடே இல்லை. டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது 1888-இல். மிஷலின் சகோதரர்கள் அப்படிப்பட்ட டயர்களைக் காரில் மாட்டிப் பாரிசிலிருந்து போர்தோ வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் ஓட்டிக் காட்டியது 1895-இல். காற்றடைத்த டயர் குலுக்கலைக் குறைத்தது, கூடவே பஞ்சர் என்ற புதுத் தொல்லையையும் கொண்டுவந்தது. குதிரை வண்டிகள் ஓடிய அதே சாலைகளில்தான் காரும் ஓடியது. லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழியெங்கும் கிடந்தன. சக்கரமோ மரத்தால் ஆனது, அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. அதைக் கழற்ற முடியாது. ஆகவே சாலையிலேயே உட்கார்ந்து, லிவர் போட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, ஒட்டுப்போட்டு, மறுபடி ஏற்றி, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். மழையானாலும் இரவானாலும் இதுதான் கதி.

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் லனெல்லி என்றொரு ஊர். தகரத் தகடு செய்வதில் அந்த ஊர் அன்று பேர்போனது. அங்கே ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திவந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்ட்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குடமும் இல்லாமல் ஆரக்காலும் இல்லாமல் வெறும் இரும்பு வளையம், அதன்மேல் ஏற்கெனவே காற்றடைத்த டயர், வளையத்தின் உள்விளிம்பில் கொக்கிகளும் திருகுப்பிடிகளும். அவ்வளவுதான் அந்தக் கருவி. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அது இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று விட்டு, அதன் வெளிப்பக்கத்தில் இந்த வளையத்தை வைத்துத் திருகி இறுக்கிவிட்டால், பாரத்தை வளையம் ஏற்றுக்கொள்ளும். வீடு போய்ச் சேர்ந்து சாவகாசமாகப் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். தெருவின் பெயரையே சரக்குக்கும் வைத்தார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனி ஒரு நீராவிக் காரைக் கட்டிமுடித்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். கார் என்பதே மக்கள் வேடிக்கை பார்க்கும் பொருளாக இருந்த காலம் அது. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த ஊர்களுக்கெல்லாம் கார் போன கையோடு ஸ்டெப்னியும் போனது.

தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஸ்டெப்னி என்பது லனெல்லியின் பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பெயர். பிரபுப் பட்டம் பெற்ற குடும்பம். அவர்கள் 1714-இல் கட்டிய மாளிகை இன்றும் ஊர் நடுவே நிற்கிறது. நம் ஊர்களில் ஜமீன்தார் பேரில் தெருவும் சத்திரமும் இருப்பதுபோல, அங்கேயும் அது வழக்கம்தான். குடும்பப் பெயரின் வேரோ லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் நதியை ஒட்டிய ஸ்டெப்னி என்ற இடத்தில் இருக்கிறது. சுமார் 1000-ஆம் ஆண்டு ஆவணத்தில் அந்த இடம் ‘ஸ்டிப்பன்ஹித்’ என்று பதிவாகியிருக்கிறது. ‘ஹித்’ என்றால் படகு கரையேறும் துறை. ஸ்டிப்பா என்பவருடைய துறை என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். அந்தப் பழைய வடிவம் லனெல்லியில் இன்னும் உயிரோடிருக்கிறது. அவ்வூர்க் கால்பந்து மைதானத்தின் பெயர் ‘ஸ்டெபன்ஹீத் பார்க்’.

ஆடுதுறை, மயிலாடுதுறை என்பவை நமக்கு எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது ஸ்டிப்பாதுறை. யாரென்றே தெரியாத ஓர் ஆள், அவர் பேரில் ஓர் ஆற்றுத்துறை, துறையின் பேரில் ஒரு குடும்பம், குடும்பத்தின் பேரில் ஒரு தெரு, தெருவின் பேரில் ஒரு கம்பெனி, கம்பெனியின் பேரில் ஓர் இரும்பு வளையம். ஆயிரம் ஆண்டு கழித்து, அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டில் அந்தத் துறைப்பெயர் காரின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

இப்படி ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவதைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என்று பிரித்து வைத்திருக்கிறது. தொல்காப்பியர் பேசியிருக்கிறார், நன்னூலார் வகை பிரித்து அடுக்கியிருக்கிறார். ‘உலகம் சிரித்தது’ என்றால் இடத்தின் பெயர் அங்கே உள்ளவர்களுக்கு ஆகிறது, அது இடவாகுபெயர். ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்றால் செய்தவர் பெயர் செய்த நூலுக்கு ஆகிறது, அது கருத்தாவாகுபெயர். ஸ்டெப்னி இந்த இரண்டு வாசலும் தாண்டி வந்த சொல். துறையின் பெயர் குடும்பத்துக்கு ஆனது முதல் வகை. செய்த கம்பெனியின் பெயர் சக்கரத்துக்கு ஆனது இரண்டாம் வகை. ஜெராக்ஸும் இரண்டாம் வகைதான். கண்மாய் தூர்வாரவும் கருவேலம் பிடுங்கவும் கரிசல் நாட்டுக்கு வந்த ஜேசிபியும் அப்படியே. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்றைக்கு எந்தக் கம்பெனியின் மண்தோண்டி வந்து நின்றாலும் அது ஜேசிபிதான்.

ஆங்கிலத்தில் ஒரு கம்பெனிப் பெயர் பொதுப்பெயராவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். முதலெழுத்தைப் பெரிதாக எழுதும் வழக்கம் அது ஒருவருக்குச் சொந்தமான பெயர் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். தமிழ் எழுத்தில் பெரியதும் இல்லை சிறியதும் இல்லை. ஆகவே இங்கே வந்து இறங்கிய அன்றே ஸ்டெப்னி பொதுச்சொல்லாகிவிட்டது. கம்பெனி எங்கிருக்கிறது, யாருடையது என்று கேட்க யாருக்கும் தோன்றியிராது.

ஒலியிலும் ஒரு வேலை நடந்தது. தமிழில் ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. இது தொல்காப்பியம் சொல்கிற மொழிமுதல் மரபு, படிக்காதவர் நாக்குக்கும் தெரிந்த மரபு. ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்றும் ஸ்டேஷனை ‘டேசன்’ என்றும் ஆக்கிய நாக்கு இதை ‘இஸ்டெப்னி’ ஆக்கியது. நடுவில் ‘ப்னி’ என்று முட்டுகிற இடத்தில் ஓர் இகரத்தைச் செருகி ‘ஸ்டெப்பினி’ என்பவரும் உண்டு. இதே இடைஞ்சல் பூமியின் மறுபக்கத்திலும் ஏற்பட்டிருக்கிறது. பிரேசில் நாட்டுப் போர்ச்சுகீசியத்தில் மாற்றுச் சக்கரத்துக்குப் பெயர் ‘எஸ்டெப்பி’. அதுவும் ஸ்டெப்னியிலிருந்து வந்ததுதான். நாம் முன்னால் இகரம் வைத்தோம், அவர்கள் எகரம் வைத்தார்கள். நாம் வாலை நீட்டினோம், அவர்கள் வாலை நறுக்கினார்கள். வங்கதேசத்திலும் மால்டா தீவிலும் சொல் ஏறக்குறையப் பழையபடியே புழங்குகிறது.

பொருளோ பிறந்த வேகத்தில் செத்தது. ரட்ஜ் விட்வொர்த் போன்ற கம்பெனிகள் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறையைக் கொண்டுவந்ததும் திருகி ஒட்டவைக்கும் வளையத்துக்கு வேலையில்லாமல் போனது. முதல் உலகப்போருக்குப் பிறகு, முழுதாக ஒரு சக்கரத்தைக் கூடவே எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு ‘உதிரி’ என்று பொருள்படும் தங்கள் சொந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டு ஸ்டெப்னியை மறந்தார்கள். நாம் மறக்கவில்லை. நமக்கு அந்தச் சொல் வளையத்தின் பெயராக இருக்கவில்லை, அவசரத்துக்கு உதவுகிற வேலையின் பெயராக இருந்தது. அதே வேலையை வேறொரு பொருள் செய்ய வந்தபோது பெயரை அதன்மேல் ஏற்றிவிட்டோம். இன்று மனிதர்மேலும் ஏற்றியாகிவிட்டது. யாராவது வராமல்போனால் அழைத்துக்கொள்ள ஓர் ஆளை வைத்திருந்தால் ‘அவன் நமக்கு ஸ்டெப்னி’ என்கிறார்கள். மனைவி இருக்க இன்னொருத்தியோடு உறவு வைத்திருப்பவரைப் பற்றிப் பேசும் கொச்சை வழக்கிலும் இந்தச் சொல் அடிபடுகிறது. அந்த இடத்தில் அது பெண்ணைப் பொருளாக்கும் கீழ்மையான கேலி.

ஸ்டெப்னியோடு ஒரே இடத்தில் குடியிருக்கும் மற்றப் பெயர்களையும் பார்த்துவிடலாம். அது இருக்கும் இடம் டிக்கி. ஆங்கிலத்தில் ‘டிக்கி’ என்பது குதிரைக் கோச்சு வண்டியில் வண்டிக்காரரோ பின்னால் வேலைக்காரரோ உட்காரும் இருக்கை. பழைய இரண்டு இருக்கைக் கார்களின் பின்புறம் மடக்கித் திறக்கும் கூடுதல் இருக்கைக்கு அந்தப் பெயர் வந்தது. இருக்கை போய்ச் சாமான் வைக்கும் இடமானபோதும் நம் நாட்டில் பெயர் போகவில்லை. டிக்கியில் கிடப்பது ஜாக்கி. ‘ஜாக்’ என்பது ஜான் என்ற பெயரின் செல்ல வடிவம். நாம் குப்பன் சுப்பன் என்பதுபோல அங்கே பொதுவாக ஓர் ஆளை, குறிப்பாக எடுபிடிப் பையனைக் குறித்த பெயர். பையன் செய்த வேலையைச் செய்யும் கருவிகளுக்கெல்லாம் அவன் பெயரை வைத்தார்கள். வண்டியைத் தூக்குவதும் அவற்றில் ஒன்று. தமிழில் கடைசியில் ஓர் இகரம் சேர்ந்து ஜாக்கியானது. குதிரை ஓட்டும் ஜாக்கியும் இதே குடும்பம்தான். ஜாக்கின் ஸ்காட்லாந்து வடிவமான ‘ஜோக்’ என்பதிலிருந்து அது கிளைத்தது.

ஸ்பேனர் ஜெர்மன் சொல். இழுத்து முறுக்குவது என்ற பொருளுடையது. பழைய துப்பாக்கி ஒன்றில் தீப்பொறி உண்டாக்கும் சக்கரத்தின் வில்லை முறுக்கிவைக்கும் சாவிக்கு அந்தப் பெயர் இருந்தது. 1600-களில் ஆங்கிலத்துக்கு வந்து பிறகு நட்டு முடுக்கும் கருவிக்கு ஆனது. இதையே வடநாட்டு லாரிக்காரர் ‘பானா’ என்பார். இத்தனை வெளியூர்க்காரர்களுக்கு நடுவே திருப்புளி மட்டும் சொந்த ஊர். திருப்பும் உளி திருப்புளி. உளி பிடித்துப் பழகிய ஆசாரிகள் நாட்டில் அந்தப் பெயர் பிறந்ததில் வியப்பில்லை. மரத்தைச் செதுக்கும் உளியைப்போலத் தட்டை முனையோடு இருந்த காலத்துப் பெயர் அது. இன்று நட்சத்திர முனை வந்த பிறகும் ‘ஸ்டார் திருப்புளி’ என்கிறோம். அந்த முனையைப் பரப்பியவர் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ். 1936-இல் கெடிலாக் கார்த் தொழிற்சாலையில் அது புழக்கத்துக்கு வந்தது. அவர் பெயர் அச்சாகி விற்கும் திருப்புளியையும் நாம் ஸ்டார் என்றே கேட்டு வாங்குகிறோம். ஆறு பட்டை சாவிக்கு மட்டும் கம்பெனிப் பெயரையே வைத்துக்கொண்டோம். அது ‘அலன் கீ’, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஆலன் கம்பெனியின் பெயர்.

பட்டறையில் வேலை நடக்கும்போது கவனித்தால் இந்தப் பெயர்கள் எதுவும் காதில் விழாது. காருக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் கையை மட்டும் வெளியே நீட்டி, “பன்னெண்டு பதிமூணு எடுடா” என்பார். பையன் ஒருமுனை 12, மறுமுனை 13 உள்ள ஸ்பேனரை எடுத்துக் கையில் வைப்பான். “பத்து பதினொண்ணு”, “பதினாலு பதினஞ்சு” என்று எண்களே ஓடும். இதற்கும் நன்னூலில் இடமுண்டு. அளவின் பெயர் அளக்கப்படும் பொருளுக்கு ஆகிவருவது அளவையாகுபெயர். ‘அஞ்சு மீட்டர் வெட்டு’ என்று துணிக்கடையில் சொல்வது அந்த வகை. பெயர் தெரிந்தவர் ஸ்பேனர் கேட்கிறார், வேலை தெரிந்தவர் அளவு கேட்கிறார். தன் காரைத் தானே கவனித்துக்கொள்ள நினைப்பவர் கருவியும் பாகமும் வாங்கும்போது கடக்க வேண்டிய தூரம் அந்தப் பெயருக்கும் அளவுக்கும் இடைப்பட்டதுதான்.

ஸ்பேனரில் பொறித்த எண் நட்டுத் தலையின் அகலம், போல்ட்டின் கனம் அல்ல. 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே போல்ட்டுக்கு ஜப்பான் வழக்கில் தலை 12, ஐரோப்பிய வழக்கில் 13. ஆகவே மாருதியில் பெரும்பாலும் 12 வேலைசெய்யும். ஐரோப்பிய வடிவத்தில் பிறந்த வண்டியில் அதே இடத்தில் 13 வேண்டும். 12–13 என்ற இரட்டைமுனை ஸ்பேனர்தான் எல்லாப் பட்டறையிலும் முதலில் தேய்வது, காரணம் இதுதான். அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகளிடம் இன்னொரு தொகுப்பு இருக்கும். அது அங்குலக் கணக்கு. ‘அரை இஞ்ச்’, ‘ஒன்பதுக்குப் பதினாறு’ என்று அவர்கள் சொன்ன அளவுக்கு 13-ஐயும் 14-ஐயும் போட்டால் பக்கத்தில் வந்து நிற்கும், கவ்வாது. கவ்வாத ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுங்க அடிக்கும். அதன் பிறகு வெல்டிங் கடைக்குப் போகவேண்டியதுதான்.

ஸ்டெப்னி மாட்டும் நட்டில் இந்தச் சிக்கல் ஒரு படி ஆழம். ஸ்பேர் கடையில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்.

“அண்ணாச்சி, வீல் நட்டு நாலு குடுங்க.”

“எந்த வண்டிக்கு, தம்பி?”

“எந்த வண்டின்னா என்ன, எல்லாம் பன்னெண்டு எம்எம்தானே?”

அண்ணாச்சி இரண்டு டப்பாவிலிருந்து ஒவ்வொரு நட்டை எடுத்து மேசையில் வைப்பார். இரண்டும் 12 மில்லிமீட்டர்தான், இரண்டுக்கும் அடிப்பக்கம் கூம்புதான். ஒன்று மாருதிக்குரியது. அதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், தலை 19. மற்றது ஹூண்டாய்க்குரியது. இடைவெளி 1.5, தலை 21. கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தவறான நட்டைக் கையால் சுற்றினால் ஒன்றரைச் சுற்று, இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். அங்கே நிறுத்திவிட்டால் சேதமில்லை. ‘துரு பிடித்திருக்கிறது போல’ என்று ஸ்பேனர் போட்டு முடுக்கினால் ஏறத்தான் செய்யும், மரையை அறுத்துக்கொண்டே ஏறும். அப்புறம் நட்டு ஏறும் ஸ்டட்டையே தட்டி எடுத்து மாற்ற வேண்டும். சரியான நட்டுக்கு அடையாளம், விரலாலேயே கடைசிவரை வழுக்கிக்கொண்டு போவது. பாதியில் நின்றால் டப்பாவைத்தான் மாற்ற வேண்டும், கையின் பலத்தை அல்ல. கூம்பு முனை எப்போதும் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டைப் பக்கத்தை உள்ளே வைத்து முடுக்கியவரும் உண்டு, ஓடும்போது சக்கரம் ஆடும்.

எவ்வளவு இறுக்குவது? சிறிய கார்களுக்குக் கம்பெனிகள் சொல்லும் அளவு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 33 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 100 வரும். அதே நுனியில் 65 கிலோ ஆள் ஏறி நின்று மிதித்தால் இரண்டு மடங்கு. பைப் போட்டு நீட்டினால் கணக்கே கிடையாது. காரோடு தரும் வளைந்த ஸ்பேனர் கை பிடிக்கக் குட்டையாக இருக்கும், எளிதில் வழுக்கும். கூட்டல் குறி வடிவ ஸ்பேனர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இரு கையாலும் சமமாகப் பிடித்துத் திருகலாம், நான்கு முனையில் நான்கு அளவும் இருக்கும். வாங்கும்போது உங்கள் நட்டின் அளவு அந்த நான்கில் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஓர் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கி வாங்குவதில் கரிசல் மண்ணுக்கென்று ஒரு கணக்கு உண்டு. வெயில் காலத்தில் பாறையாக இறுகிக் கிடக்கும் அந்த மண், ஒரு மழை பெய்தால் ஜாக்கியை விழுங்கும். சிறிய காருக்குரிய கத்தரி ஜாக்கியின் அடித்தகடு உள்ளங்கை அளவுதான். சாலையோரத்தில் அதை வைத்துத் தூக்கினால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். ஒரு சதுர அடி, ஓர் அங்குலக் கனப் பலகை டிக்கியில் கிடந்தால் போதும். ஜீப்பு வகைப் பெரிய வண்டிகளுக்குப் பாட்டில் ஜாக்கி. ஜாக்கியில் பொறித்த டன் கணக்கைப் பார்த்து வாங்க வேண்டும், அதுவும் அளவையாகுபெயர்தான். ‘ரெண்டு டன் குடுங்க’ என்றால் கடைக்காரர் மறுகேள்வி கேட்கமாட்டார். வண்டியைத் தூக்குமுன் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை தொடங்குவார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி ஸ்டெப்னியின் மேல் உட்காரும், ஆள்மேல் உட்காராது.

இனி ஸ்டெப்னியே. மொட்டை டயரை அங்கே தள்ளிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ஓடுகிற நாலும் புதிது, அவசரத்துக்கு உள்ளது மொட்டை. டயரின் பக்கவாட்டில் பொறித்த கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்புவிடும், ஐந்தாறு வருடம் தாண்டினால் ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும், பத்தைத் தாண்டினால் புதுசாகத் தெரிந்தாலும் நம்பக்கூடாது. காற்றும் கசிந்துகொண்டே இருக்கும். நாலு டயருக்கும் காற்றடிக்கும்போது ஐந்தாவதைக் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். சில புது வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற நாலைவிடச் சிறியது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். சேசிஸுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியானால் அதை இறக்கும் திருகும் சங்கிலியும் சேறுபட்டு இறுகியிருக்கும். பஞ்சரான அன்றைக்குத்தான் அதைத் தொட்டுப் பார்ப்பது என்பது உசிதமில்லை.

வண்டி மாறும்போதெல்லாம் பெயருக்கு அடியிலுள்ள பொருளும் மாறுகிறது. ‘கம்பெனி ஐட்டம்’, ‘ஒரிஜினல்’, ‘லோக்கல்’ என்று கடையில் சொல்லப்படும் சொற்களுக்கும் இதே கதிதான். சென்னை ஜி.பி. ரோட்டில் புது பாகம் வாங்கினாலும் புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கினாலும், பெயர் சொன்னால் பெயருக்குப் பொருத்தமானது வரும். வண்டியின் சேசிஸ் எண்ணையும் பாகத்தின் பார்ட் நம்பரையும் சொன்னால் வண்டிக்குப் பொருத்தமானது வரும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போவது எண்கூடத் தெரியாதவருக்கு உதவும்.

2020-இல் நடுவண் அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால், மூன்றரை டன்னுக்கு உட்பட்ட கார்களில் ஸ்டெப்னி இருந்தே ஆக வேண்டியதில்லை. ஸ்டெப்னியை விட்டுவிட்டால் மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கிறது, எடை குறைகிறது, கம்பெனிக்கும் லாபம். டியூப்லெஸ் டயரில் கருவேல முள் ஏறினால் அந்தப் பெட்டி போதும். முள்ளை இடுக்கியால் உருவி, துளையை அரத்தால் தேய்த்து, பசை தடவிய ரப்பர் பட்டையை ஊசியில் கோத்துச் செருகி, காற்றடித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் பாறை விளிம்பில் உரசிப் பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பட்டையும் பசையும் உதவாது. ராத்திரியில் பஞ்சர் கடை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து இந்தத் தேர்வு இருக்க வேண்டும். திருச்சுழிக்கும் கமுதிக்கும் இடையில் ஓட்டுகிறவர் சென்னைக்காரர் கணக்கை நம்பி வாங்கக்கூடாது.

சக்கரம் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். தான் குறித்த வளையம் போய் நூறாண்டுக்கு மேலாகியும் இருந்து காட்டிய பெயர் அது. ஷோரூமில் ‘ஸ்டெப்னி இருக்குங்களா?’ என்று கேட்டால் ‘இருக்கு சார்’ என்ற பதில் மூன்று வேறு பொருளுக்கு வரலாம்: முழு அளவுச் சக்கரம், சிறு சக்கரம், பசைப்பெட்டி. ஆகவே ‘இருக்கா?’ என்பதோடு நிறுத்தாமல், டிக்கியின் விரிப்பைத் தூக்கி, டயர் அளவையும் அந்த நான்கு இலக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.